போய்ப் பார்த்தவர் பேசட்டும்

குழாயடியில் யாராவது ஒரு சேதியைச் சொல்ல ஆரம்பித்தால், நடுவீட்டு அக்கா துணி கும்முவதை நிறுத்தாமலே கேட்பார்: “நீ போய்ப் பாத்தியா?”

பார்த்தேன் என்றால் துணியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்பார். இல்லை, இன்னார் சொன்னார் என்றால், “அப்ப அவங்களே வந்து சொல்லட்டும்” என்று திரும்பவும் கும்ம ஆரம்பித்துவிடுவார். ஆசையாக வம்பைச் சுமந்துகொண்டு வந்தவளுக்கு முகம் தொங்கிப்போகும். இதனாலேயே அவரைப் பலருக்குப் பிடிக்காது.

மலாய் நாட்டில், பட்டணத்தின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஆற்றை ஒட்டி ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் இரும்புப் பட்டறை இருந்தது. அதன் பின்புறம் பட்டறை ஆட்களுக்கென்று கட்டிய லயம். ஒரே கூரைக்கடியில் இருபது சொச்சம் வீடுகள். முன்னால் எல்லாருக்குமாக ஒரு குழாய், பின்னால் சாக்கடை, அதற்கும் பின்னால் ரயில் பாதை. வரிசையில் அவர் வீடு நடுவில் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கேரி தீவில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பட்டணத்துச் சத்தம் பழக்கமில்லை. ரயில் போகும்போதெல்லாம் பயந்துபோவேன். பேசிக்கொண்டிருந்தாலும் அப்படியே நின்றுவிடுவேன். என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, வந்தவள் திமிர் பிடித்தவள், கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை என்று குழாயடியில் சொல்லிவைத்தார். ஒரே வாரத்தில் அது லயம் முழுக்கப் பரவியது. நான் குடத்தோடு போய் நின்றால் யாரும் இடம் விடவில்லை.

ஒரு நாள் காலையில் நடுவீட்டு அக்கா முறம் நிறையப் பயற்றங்காயோடு எங்கள் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். “பசியாறியாச்சா?” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் அம்மியில் அரைத்தேன், உலை வைத்தேன், ரயில் போனபோது கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றேன். அவர் காயை ஒடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குழாயடியில் அவர் சொன்னதைப் பிற்பாடு பக்கத்து வீட்டுப் பெண் எனக்குச் சொன்னாள். “நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். அந்தப் புள்ளைக்குத் திமிரெல்லாம் இல்ல. ரயிலுக்குப் பயப்படுது. பழகிக்கும். வேணும்னா நீங்களும் போய்ப் பாருங்க.”

அவ்வளவுதான். என் மாமியாரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த சில நாட்களில் ஒருத்தி உப்பு கேட்டு வந்தாள், ஒருத்தி முறம் கேட்டு வந்தாள், ஒருத்தி காரணமே சொல்லாமல் வந்து நின்று சிரித்துவிட்டுப் போனாள். அந்த மாதம் முடிவதற்குள் குழாயடியில் எனக்கு ஓர் இடம் இருந்தது. புகுந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் இடம் அதுதான்.

அவருடைய இன்னொரு வழக்கம் எனக்கு வெகுநாள் புரியவில்லை. தன் யோசனை எதையும் அவர் மூன்று தடவைக்கு மேல் சொல்லமாட்டார். முதல் தடவை நல்ல குரலில், விவரமாகச் சொல்வார். இரண்டாம் தடவை சுருக்கமாக. மூன்றாம் தடவை போகிற போக்கில். அதன் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

அவர் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். பேச்சும் அப்படியே, அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிப்பார். மழை வரும் என்று காலையில் சொல்லிவிட்டால் அது வந்து கொட்டும்வரை விடமாட்டார்.

ஒரு சமயம் லயத்தின் பின்னால் சாக்கடை தேங்கி, கொசு அப்பியது. அக்கா சாக்கடையோரமாகவே கோடி வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, கடைசி வீட்டுக்கு அப்பால் உடைந்த செங்கல் விழுந்து அடைத்திருக்கிறது என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னும் இரண்டு தடவை சொன்னார். பிறகு விட்டுவிட்டார். எனக்கு ஆத்திரமாக இருந்தது.

“ஏங்க்கா விட்டுட்டீங்க? நீங்க சொன்னதுதான சரி?”

“சரியா இருந்தா இன்னொருத்தர் போய்ப் பாத்துட்டு அவங்க வாயால சொல்லுவாங்க. நான் கத்திக்கிட்டே இருந்தா, நான் கத்துறதுக்குத்தான் ஆள் சேரும். எனக்கு ஒரு கட்சி, என்னப் புடிக்காதவங்களுக்கு ஒரு கட்சி. சாக்கடை அப்படியேதான் கெடக்கும்.”

சில வாரம் கழித்துக் கடைசி வீட்டுக்காரர் தன் கோழியைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். செங்கல்லைப் பார்த்தார். வந்து தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். இன்னும் இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கிச் சுத்தம் செய்துவிட்டார்கள். முதலில் சொன்னது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. அக்கா நினைவூட்டவும் இல்லை.

தேனீ வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும்.

லயத்துக்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். ஒரு நாள் முற்பகலில் எங்கிருந்தோ இரைச்சலோடு ஒரு தேனீக் கூட்டம் வந்து அதன் தாழ்ந்த கிளையில் அடையாய் அப்பிக்கொண்டது. தேன்கூடு எதுவும் கட்டவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டு, பெரிய பலாப்பழம்போலத் தொங்கியது. பிள்ளைகள் அலறினார்கள். ஆண்கள் தீப்பந்தம் கட்டப் போனார்கள்.

“அதுங்க நம்ம கிட்ட வரலையே. ரெண்டு நாள் பாப்போம்” என்றார் அக்கா. நல்லவேளை, பந்தத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் அவர் பாதி வேலையை அந்த மரத்தைப் பார்த்தபடியேதான் செய்தார். அரிசி புடைக்க வெளியே வந்து உட்காருவார். துணி காயப்போடும்போது அப்படியே நின்றுவிடுவார். நடுநடுவே, ஈக்கள் பறந்த திக்கில் ஆற்றோரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். பெண்கள் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் கூட்டம் ஒரே மூச்சில் கிளம்பி, ஆற்றோரம் பட்டுப்போன ஒரு மரத்தின் பொந்துக்குள் போய்ப் புகுந்துகொண்டது. அன்று அவர் குழாயடியில் தான் பார்த்ததைச் சொன்னார்.

“மொத நாளே அந்தப் பொந்துகிட்ட ரெண்டு மூணு வந்துச்சு. உள்ள போகும், வெளிய வரும், சுத்திச் சுத்திப் பாக்கும். எங்க வீட்டு எரவாணத்துல பழைய பலகைப் பெட்டி ஒண்ணு இருக்குல்ல, அதுக்கும் சிலது வந்துச்சு. எது வந்தாலும் தானே உள்ள நொழஞ்சு பாத்துட்டுத்தான் போகுது. நேத்து பொந்துக்கு நெறையா வர ஆரம்பிச்சிருச்சு. பெட்டிக்கு வந்ததுங்க கொஞ்சங்கொஞ்சமாக் கொறைஞ்சு போச்சு. சண்டை கிண்டை ஒண்ணும் போடல. வர்றத நிறுத்திருச்சுங்க, அவ்வளவுதான். இன்னிக்குப் பொந்துல மொய்க்கிற அளவுக்குச் சேந்ததும், மரத்துல இருந்த மிச்சமெல்லாம் ஒண்ணாக் கெளம்பிருச்சு.”

“ராணி சொல்லியிருக்கும்க்கா” என்றாள் ஒருத்தி.

“சொல்லியிருக்கலாம். ராணிய நான் பாக்கல. பொந்துக்குப் போய் வந்ததெல்லாம் சின்னச் சின்ன ஈதான்.”

படித்தவர்கள் இதையெல்லாம் பிற்காலத்தில் ஆராய்ந்து எழுதியிருப்பதாக என் பேரன் சொல்கிறான். இருக்கலாம். எனக்கு முக்கியம், அந்த நாட்களில் ஒரு பெண் வேலை கெட்டும் கேலி கேட்டும் இரண்டு நாள் மரத்தடியில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது. அதனால்தான் நாங்கள் பிழைத்தோம் என்று நான் நினைக்கிறேன்.

உலகமெல்லாம் வேலை வற்றிப்போன காலம் வந்தது. ரப்பருக்கு விலையில்லை, ஈயத்துக்கு விலையில்லை. ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பட்டறையும் ஒரு நாள் மூடப்போவதாக அறிவித்தார்கள். மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலிசெய்ய வேண்டும். என் வயிற்றில் அப்போது ஆறு மாதம்.

அன்று மாலை எல்லாரும் தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடினார்கள். தனித்தனியே போனால் ஒவ்வொரு குடும்பமும் பட்டினிதான். சேர்ந்து போனால் ஒருவருக்குக் கிடைக்கும் கூலியில் இன்னொருவர் வீட்டு அடுப்பும் எரியும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கே போவது என்பதில்தான் சண்டை. ஒருவர் கேரி தீவு என்றார். ஒருவர் செந்தூல் என்றார். ஒருவர் காஜாங் தாண்டி செமினிப் பக்கம் ஒரு சீனத் தவுக்கேயின் கொங்சி வீடு சும்மா கிடக்கிறதாம் என்றார். தவுக்கே என்றால் முதலாளி. கொங்சி என்றால் ஈயச் சுரங்கத்து ஆட்கள் கூட்டமாகத் தங்கும் நீளமான பலகை வீடு. சுரங்கம் மூடியதால் காலியாகக் கிடந்தது.

பட்டறையில் எங்கள் ஆட்களுக்குத் தலைவர் தண்டல் அண்ணன். நல்ல மனிதர். பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் எழுந்து, “கிள்ளான்தான். ஆத்தோரம் தென்னந்தோப்புல பெரிய கொட்டாய் இருக்கு. தேங்கா உரிக்கிற வேலை இருக்கு. பேச்ச நிறுத்துங்க” என்றார். பாதிப் பேர் உடனே கிள்ளான் என்றார்கள். மற்றப் பாதிப் பேர், அவர் சொன்னதாலேயே கிள்ளான் வேண்டாம் என்றார்கள். ஒருவர் இன்னொருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடுவீட்டு அக்கா எழுந்து நின்றார். ஆண்கள் கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“தண்டல் அண்ணே, அந்தக் கொட்டாய நீங்க பாத்தீங்களா?”

“கேட்டேன்மா.”

“செமினிய யாராச்சும் பாத்தீங்களா? செந்தூல?”

ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

“அப்ப நாம எதுக்குச் சண்டை போடுறோம்? ரெண்டு ரெண்டு பேராப் போவோம். போய்ப் பாத்தவங்க மட்டும் வந்து பேசட்டும், நல்லதையும் சொல்லட்டும் கெட்டதையும் சொல்லட்டும். கேட்டுட்டு ஒரு எடம் புடிச்சிருந்தா, சும்மா கையத் தூக்கக் கூடாது. நீங்களும் போய்ப் பாத்துட்டு வந்து உங்க வாயால சொல்லணும். முக்கால்வாசி வீட்டுல ஒரே எடத்தப் பாத்துட்டு வந்து நல்லாருக்குன்னு சொல்ற அன்னிக்கு, எல்லாரும் கெளம்புவோம்.”

தண்டல் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப நான் எதுக்கு இருக்கேன்?”

“நீங்க கடைசியில பேசணும்ணே. நீங்க மொதல்ல பேசுனா நாங்க எல்லாம் உங்க வாயத்தான் பாப்போம். எடத்தப் பாக்க மாட்டோம்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது கோபமா சம்மதமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

கிள்ளானைப் பார்க்க அக்காவோடு நான் போனேன். அங்கே அவருடைய தங்கை இருப்பது ரயிலில் போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிறு வயதில் ஒரே கப்பலில் வந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி பார்த்துக்கொள்வதோடு சரி. தங்கை வீட்டுக்காரர் அந்தத் தோப்பிலேயே வேலை பார்த்தார்.

தங்கை எங்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தோப்பு முழுக்கச் சுற்றிக் காட்டினார். கொட்டகை நன்றாகத்தான் இருந்தது. காற்றோட்டம், நிழல், பக்கத்திலேயே வேலை. “வந்துருக்கா. இனிமேலாவது ஒண்ணா இருப்போம்” என்று தங்கை அழுதுவிட்டார். அக்கா தங்கையின் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு கிணற்றுக்குப் போய் ஒரு வாளி இறைத்து, வாயில் ஊற்றிக் கொப்பளித்து, இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார்.

அன்று மாலை கூட்டத்தில் கிள்ளானைப் பற்றி அவர் நன்றாகவே பேசினார். அவ்வளவு ஆசையாக அவர் எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் ஒரு கணம் நின்று, “தண்ணி கொஞ்சம் உப்புக் கரிக்குது. அதையும் சொல்லணும்ல” என்றார்.

அவர் வீட்டுக்காரர் துள்ளி எழுந்து, “கிள்ளான்தான்! வேற பேச்சே இல்ல!” என்றார்.

“நீங்க பாத்தீங்களா?” என்றார் அக்கா. கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மறுநாள் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

செமினிப் பக்கம் போய் வந்தவர்கள் ஒரு புருஷன் பெண்சாதி. அவருக்குத் திக்குவாய். வழக்கமாக அவர் பேச ஆரம்பித்தால் யாராவது குறுக்கே விழுந்து முடித்துவிடுவார்கள். அன்று பார்த்துவிட்டு வந்தவர் அவர்தான் என்பதால் முடிக்கிறவரை காத்திருந்தார்கள். பலகை வீடு உறுதியாக இருக்கிறது, அத்தாப்பு ஓலைக் கூரை மட்டும் மாற்ற வேண்டும், நிலத்தைத் திருத்திக் காய்கறி போட்டுக் காவலுக்கும் இருந்தால் வாடகை வேண்டாம் என்கிறார் தவுக்கே, கடை தூரம், சம்பள வேலை இப்போதைக்குக் கிடையாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “கெ... கெணறு நல்லாருக்கு” என்றார்.

அடுத்த நாள் இரண்டு பேர் போனார்கள். அதற்கடுத்த நாள் நான்கு பேர். கேரி தீவுக்கும் செந்தூலுக்கும் போனவர்கள் சரிப்படாது என்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். கிள்ளானுக்கும் ஆள் போய்க்கொண்டுதான் இருந்தது. வந்தவர்கள் நல்ல இடம் என்றுதான் சொன்னார்கள். தண்ணீரைப் பற்றியும் சொன்னார்கள்.

ஒரு நாள் அக்கா என்னிடம், “நான் செமினியப் பாக்கல. வரியா?” என்றார். காஜாங் வரை ரயில். அங்கிருந்து விறகு ஏற்றப் போன மாட்டுவண்டியில் என்னை உட்காரவைத்து, அவர் பக்கத்தில் நடந்து வந்தார். கொங்சி வீட்டை உள்ளும் புறமும் பார்த்தார். தரைப் பலகையைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார். அடுத்த கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரப் பெண் ஒருத்தி தலையில் கூடையோடு போனாள். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கீழே ஓடையைக் காட்டி, முழங்காலில் கையை வைத்துக் காட்டினாள். கடைசியாக அக்கா கிணற்றில் இறைத்துக் குடித்தார். ஒரு வாய்தான். பிறகு வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை திரும்பவில்லை. முந்தானையால் அடிக்கடி மூக்கைத் துடைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

மாலைக் கூட்டத்தில் எழுந்து, “கிள்ளானப் பத்திச் சொன்னேன். அது நல்ல எடம்தான். இன்னிக்கு செமினியப் பாத்தேன். அது இன்னும் நல்லாருக்கு. பொறக்கப்போற புள்ளைங்களுக்கு அந்தத் தண்ணிதான் நல்லது” என்றார். உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கிள்ளான் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

நாள் போகப் போக முக்கால்வாசி வீடுகள் செமினியைப் பார்த்துவிட்டு நல்லாருக்கு என்றன. மிச்சமிருந்தவர் தண்டல் அண்ணன். அவர் அதுவரை எங்கேயும் போகவில்லை, கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். அக்கா அவர் வீட்டு வாசலில் போய் நின்று, “அண்ணே, எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்க பாக்காம எப்படி?” என்று கேட்டுவிட்டு வந்தார். மறுநாள் விடியற்காலை அவர் தனியாக செமினிக்குக் கிளம்பிப் போனார். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி, மரத்தடியில் காத்துக்கொண்டிருந்த எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“கெணறு நல்ல கெணறு” என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் ரயில் போனது எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு குடும்பங்கள் கப்பலேறி ஊருக்குப் போக முடிவு செய்தன. ஒரு குடும்பம் செந்தூலில் சொந்தக்காரர்களோடு போய்ச் சேர்ந்தது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, திட்டவில்லை, வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தோம். மற்ற எல்லாரும் ஒரே நாளில் கிளம்பினோம். தண்டல் அண்ணன் தெரிந்தவரிடம் கேட்டு ஒரு லோரி ஏற்பாடு செய்தார். யார் எதைத் தூக்குவது என்று யாரும் கட்டளை போடவில்லை. ஏற்கெனவே போய் வந்தவர்கள் முன்னால் போனார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் போனார்கள். தார்ச் சடக்கில் எந்தத் திருப்பத்தில் இறங்க வேண்டும், ஓடையை எங்கே தாண்ட வேண்டும் என்பது பாதிப் பேருக்கு மேல் கண்ணால் கண்டு தெரிந்திருந்தது. லோரியை விட்டு இறங்கிய பிறகு, அக்கா தன் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒருவராக நடந்து வந்தார்.

முதல் வருஷம் கஷ்டம்தான். மரவள்ளியும் கீரையும் தின்றே பல நாள் கழிந்தது. கூரை ஒழுகியது. ஆண்கள் காட்டை வெட்டிக் கை புண்ணாகிப் படுத்தார்கள். ஆனால் ஒரு நாள்கூட ஒருவரும் இன்னொருவரைப் பார்த்து, உன்னால்தான் இங்கே வந்தோம் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் தானே வந்து பார்த்து, தன் வாயால் நல்லாருக்கு என்று சொன்ன இடம் அது.

பிற்காலத்தில் நான் கோவில் கமிட்டியில் இருந்திருக்கிறேன், மாதர் சங்கத்தில் இருந்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லா இடத்திலும் தலைவர்தான் முதலில் பேசுகிறார். பார்க்காதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். ஒரு தடவை சொல்லிவிட்டவர், சொல்லிவிட்டோமே என்பதற்காகவே வருஷக்கணக்கில் அதையே பிடித்துத் தொங்குகிறார். அப்படிப்பட்ட கூட்டங்களில் நான் பல தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போயிருக்கிறேன். எங்கள் லயத்துச் சனம் எழுதப் படிக்கத் தெரியாத சனம். அவர்களால் இரண்டு வாரத்தில் முடிந்த காரியம் இவர்களால் ஏன் முடியவில்லை என்று யோசிப்பேன். அங்கே தன் ஆசையைச் சொல்லவும் தெரிந்த, விடவும் தெரிந்த ஒரு ஆள் இருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் மூத்த மகன் அந்தக் கொங்சி வீட்டில்தான் பிறந்தான். திக்குவாய்க்காரர் பெண்சாதிதான் பிரசவம் பார்த்தார். அக்கா என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கிணற்றிலிருந்து வெந்நீருக்குத் தண்ணீர் இறைத்தது என் மாமியார். கூட இறைத்தவர்கள், எனக்குக் குழாயடியில் இடம் விடாத அதே பெண்கள்.

மறு வருஷம் கொங்சி வீட்டில் ஓர் அறை காலியானது. அதிலிருந்த குடும்பம் ஈப்போ பக்கம் போய்விட்டது. அப்போதுதான் நான் கிணற்றடியில் மற்றப் பெண்களிடம், அக்காவுக்குத் தெரியாமல், அன்று ரயிலில் நான் பார்த்ததைச் சொன்னேன். அங்கே தங்கை இருப்பதை அக்கா அவர்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இறைத்த வாளிகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். பிறகு ஒருத்தி, “தேங்காய்க்கும் இப்ப விலையில்லையாம். நான் போய்ப் பாத்துட்டு வரேன்” என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

அவள் போய் வந்தாள். பிறகு இரண்டு பேர் போனார்கள். தங்கை வீட்டுக்காரர் பிடிவாதக்காரர், அசையவில்லை. கடைசியில் தண்டல் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் காஜாங்கிலிருந்து மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. தங்கை, அவர் வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், கூடை நிறையக் கோழி, ஓர் அம்மிக்கல். அக்கா மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். கோழிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்து வந்தார். வண்டியருகில் வந்து தங்கையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்தார். வண்டியிலிருந்த அம்மிக்கல்லில் கையை வைத்தார்.

“இத எதுக்குடி இவ்வளவு தூரம் சுமந்துகிட்டு வந்தே? என்கிட்ட ஒண்ணு இருக்குல்ல?”

“உன் அம்மி தேஞ்சு போன அம்மி. அதுல மனுஷி அரைப்பாளா?”

“யாருடி சொன்னா? வந்து அரைச்சுப் பாருடி!”

பிள்ளைகளை இறக்கிச் சோறு போட்டோம். அறையைக் கூட்டிப் பாய் விரித்தோம். வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். அக்காவும் தங்கையும் அந்த இரண்டு அம்மிகளில் எதை உள்ளே வைப்பது என்று பொழுது சாயும்வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரும் விலக்கிவிடப் போகவில்லை.